ரத்தத்துக்கும் ஒரு எம்.டி.

முதல் சோதனையில் ‘ஓ’ என்றுதான் தெரியும். நம்பி ஓ ரத்தத்தை ஏற்றினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. 1952-ல் டாக்டர் பேண்டேயும் சகாக்களும் கண்டுபிடித்த ‘பம்பாய் வகை’ ரத்தம் போடும் வேடம் இது. நோயாளியின் சீரத்தை ஓ வகைச் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தால்தான் குட்டு உடையும்.

இந்த வித்தையெல்லாம் கற்றுத்தர மூன்றாண்டு எம்.டி. படிப்பு இருக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. வேலை சோதனைக்கூடத்தோடு முடிவதில்லை. முகாமில் கொடையாளரைத் தேர்வு செய்ய வேண்டும். சிவப்பணுக்களுக்கு 2 முதல் 6 டிகிரி குளிர். ஐந்தே நாள் தாங்கும் தட்டணுக்களையோ 22 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வார்டுகளில் சுழற்சிப் பணி. ‘இவருக்கு ரத்தமே தேவையில்லை’ என்று சர்ஜனிடம் சொல்லும் தைரியம் அங்கேதான் வரும்.

பணத்துக்கு ரத்தம் கொடுப்பதற்கு 1996-ல் முடிவுகட்டிய உச்ச நீதிமன்றம், இத்தகைய மேற்படிப்புகளைத் தொடங்கவும் சொன்னது. ஆனால் விதிகள் தாராளம்: ரத்த வங்கியில் ஓராண்டு அனுபவமுள்ள எம்.பி.பி.எஸ். டாக்டரே அதன் மருத்துவ அதிகாரியாகலாம். பெருநகரத்தில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டு. சிறு ஊரில் இரவு இரண்டு மணிக்கு, ரத்தம் ஏறும்போதே நோயாளிக்கு நடுக்கம் கண்டால், அவர்தான் முடிவெடுக்க வேண்டும்.