விட்டுக்கொடுப்பது யார் முறை?

வீட்டில் ரிமோட் ஒன்றுதான். அண்ணனுக்குக் கிரிக்கெட் வேண்டும், தங்கைக்குக் கார்ட்டூன். அவள் அவனைத் தொடக்கூட மாட்டாள். அவன் பேசுவதையெல்லாம் அதே ராகத்தில் திருப்பிச் சொல்வாள். பொறுமை இழந்து அவன் முதுகில் ஒன்று வைத்ததும் "அம்மா, அண்ணன் அடிச்சுட்டான்!" என்ற குரல் தெருக்கோடி வரை போகும். சமையலறையிலிருந்து தீர்ப்பு வரும்: "பெரியவன்தானே, நீ விட்டுக்கொடு."

விசாரணையே இல்லாத தீர்ப்பு. அண்ணனுக்குப் புழுக்கம், தங்கைக்கு வெற்றி. இருவருமே நியாயத்தைப் பேசிப் பழகவில்லை.

அந்தச் சண்டை வெறும் கூச்சல் அல்ல. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜூடி டன், கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை இரண்டாவது குழந்தை பிறக்கும் முன்பிருந்தே வீடு தேடிச் சென்று கவனித்தவர். கரோல் கென்ட்ரிக்குடன் சேர்ந்து எழுதிய நூலை 1982-இல் வெளியிட்டார். மூத்தவரை எது சீண்டும் என்பது இரண்டு வயதுக்கு முன்பே சின்னதுகளுக்குத் தெரிந்துவிடுகிறது என்பது அவருடைய ஆய்வுகளில் தெரியவந்தது. அடுத்தவர் மனசைப் படிக்கவும், தன் பங்கைக் கேட்டு வாங்கவும் குழந்தை கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது.

அதைப் பாதியில் மூடினால் விளைவு என்ன என்பது பாகப்பிரிவினையின்போது தெரியும்.

அப்போது விட்டுக்கொடுக்கும் முறை தங்கைக்கு மாறிவிடும். "நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்பார்கள். பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்ற பயம் அவளுக்கு. சின்ன வயதில் அத்தனை வம்பு வளர்த்தவள், சார்பதிவாளர் அலுவலகத்தில் வாய் திறக்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள்.

சட்டம் அவள் பக்கம் நின்று வெகுகாலம் ஆகிறது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்ற தமிழகத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மணமான பெண்கள் அதில் விடுபட்டார்கள். 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வினீதா சர்மா என்ற பெண், சகோதரர் ராகேஷ் சர்மா உள்ளிட்டோரை எதிர்த்து நடத்திய வழக்கு அது.

"கோர்ட்டு, கேஸு என்று போனால் பாசம் என்னாவது?" என்று கேட்பவர்கள் உண்டு. 1961-இல் வந்த 'பாசமலர்' தொடங்கி, அண்ணன் தங்கை என்றாலே தியாகம் என்று நாம் பழகிவிட்டோம். மனமுவந்து விட்டுக்கொடுக்கும் தங்கைகளும் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் என்ன கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் கொடுப்பதைப் பாசம் என்று சொல்ல முடியாது.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. பிள்ளைகள் மல்லுக்கட்டும்போது இருவர் தரப்பையும் கேளுங்கள். வயதைக் காட்டி ஒருவர் வாயை அடைக்காதீர்கள். சொத்து விஷயத்தை, நீங்கள் இருக்கும்போதே மகனையும் மகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுங்கள். அண்ணன்களே, தங்கை கையெழுத்துப் போடும் முன், அந்தப் பத்திரத்தை ஒரு முறை முழுதாக அவளைப் படிக்கச் சொல்லுங்கள்.