கிணற்றோடு நீர்ச்சோதனையும் சேரட்டும்

மறைந்த பெற்றோரின் பெயரால் வறிய நாடொன்றில் கிணறு அமைத்துக் கொடுப்பது நம் குடும்பங்களில் பெருகிவரும் நல்வழக்கம். தம் தாயாருக்காகக் கிணறு தோண்டிய ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் முன்மாதிரி நம்முன் இருக்கிறது. ஆயினும், ரசீதும் புகைப்படமும் வந்ததும் நாம் நிறைவடைந்துவிடுகிறோம். அந்த நீர் குடிக்கத் தக்கதுதானா என்று கேட்பதில்லை.

நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றைக் கொண்டு நீரின் தூய்மையை அறிய ஃபிக்ஹு நூல்கள் நமக்குக் கற்பிக்கின்றன. உளூவுக்கு அது போதும். ஆனால் ஆர்சனிக் எனும் நஞ்சு கரைந்த நீரில் இம்மூன்றும் மாறுவதில்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும்.

எரிமலைப் பகுதிகளில் இந்த ஆபத்து இயற்கையிலேயே உண்டு. அங்குள்ள பாறைகளிலிருந்தும் வெந்நீர் ஊற்றுகளிலிருந்தும் ஆர்சனிக் நீரில் கலக்கிறது. சிலி நாட்டின் அந்தோஃபகஸ்தா நகரம் 1958 முதல் 1970 வரை ஆண்டிஸ் எரிமலைப் பகுதியிலிருந்து வந்த ஆற்றுநீரைக் குடித்தது. அதில் சராசரியாக லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டு அளவோ 10 மைக்ரோகிராம்தான். சுத்திகரிப்பு தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அங்கு நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் மிகுந்தே காணப்பட்டன. எத்தியோப்பியாவின் பிளவுப் பள்ளத்தாக்கிலும், எரிமலைப் படிவுகளில் தோண்டிய கிணறுகள் சிலவற்றில் ஆர்சனிக் அளவு மீறிக் கிடக்கிறது.

எரிமலைகளே இல்லாத வங்கதேசமும் தப்பவில்லை. குழந்தைகளை வயிற்றுப்போக்கிலிருந்து காக்க 1970களில் நல்லெண்ணத்தோடு இறக்கப்பட்ட குழாய்க்கிணறுகளில் பலவற்றின் நீர் நஞ்சு என்பது 1990களில் தெரியவந்தது. பிறகு கிணறுகளைச் சோதித்து, ஆகாதவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். தோண்டிய நாளிலேயே சோதித்திருந்தால் எத்தனை உயிர்கள் நலமாயிருந்திருக்கும்!

ஆகவே கிணறு கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. முழுமையாகக் கொடுப்போம் என்றே கூறுகிறோம். நிதி அனுப்புமுன், ஆய்வகத்தில் ஆர்சனிக், ஃபுளோரைடு சோதனை நடக்குமா என்று கேட்போம். அதன் செலவையும் நாமே ஏற்போம். அறிக்கை கிடைத்த பின்பே குழாயைத் திறக்கச் சொல்வோம். நிய்யத் தூயதாக இருப்பது போலவே, நாம் கொடுக்கும் நீரும் தூயதாக இருக்க வேண்டாமா? பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை அல்லவா?

நம் தர்மங்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.