மலிவுப் பெட்ரோலும் மறைந்த இரயிலும்

"காரைக்காலில் மலிவு! வண்டியைத் திருப்பு!" நாகையிலும் திருவாரூரிலும் கேட்கும் குரல் இது. வாஞ்சூர் எல்லையைத் தாண்டியதும் பங்க் வாசலில் வரிசை. தலத்தெருவில் வாழும் நாமோ, பெரும்பேறு பெற்றவர்போல் மார்தட்டுகிறோம். என்ன பெற்றுவிட்டோம், தோழர்களே?

வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். லிட்டருக்கு 6 ரூபாய் குறைவு, விலை 95. 5 லிட்டர் நிரப்ப ஒருவர் போகவர 20 கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி. மிச்சம் எவ்வளவு? "மிச்சம் 30, எரிந்தது 38. எட்டு ரூபாய் நட்டம், ஐயா!" என்று சிரித்தான் சிறுவன்.

எல்லைக்கோடு பிரெஞ்சுக்காரன் விட்டுச் சென்றது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று, கோடு அழியவில்லை. அந்தக் கோட்டில் நின்று அண்டைவீட்டானோடு விலை ஒப்பிடுகிறோம். வரியின் பெரும்பங்கு போகுமிடத்தைப் பார்ப்பதில்லை. 2021 நவம்பரில் குறைத்த பின்னும் தில்லி லிட்டருக்கு 27 ரூபாய் 90 காசு எடுத்தது. அதில் மாநிலங்களோடு பகிர்ந்தாக வேண்டிய அடிப்படைத் தீர்வை எவ்வளவு? 1 ரூபாய் 40 காசு! மீதி 26 ரூபாய் 50 காசும் செஸ் என்றும் சிறப்புத் தீர்வை என்றும் பெயர் சூடித் தில்லிப் பெட்டகம் புகுந்தது. புதுச்சேரியோ ஒன்றிய ஆட்சிப்பகுதி. நிதிக்குழுப் பங்கீட்டில் அந்தச் சில்லறைக்கும் உரிமையில்லை.

வரி ஏறினால் ஓட்டம் குறையும், காற்று தூய்மையாகும் என்பர் பொருளியலார். மறுக்கவில்லை. ஆனால் யாருடைய ஓட்டம்? காரில் செல்வோர் கொடுத்துவிட்டுப் போவர். கடைசிப் பேருந்து போனபின் ஆலையிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளி எதைக் குறைப்பான்? சோற்றை!

பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 1898-இல் இரயில் வந்தது. 1980களில் நிறுத்தினர், ஒரு தலைமுறையே அந்த இரயிலைக் காணாது வளர்ந்தது. சனிக்கு அஞ்சிச் சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்குப் படையெடுக்கும் கார்களைக் கண்டு நெரிசல் என்று முணுமுணுக்கிறோம். (அந்த அச்சத்தைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.) அவர்களை ஏற்றிவர ஒரு இரயில் இருந்ததை மறந்தோம்.

தமிழ்நாடு 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தந்தது. ஸ்கூட்டர் வாங்க வழியற்ற பெண்ணுக்கு வேலைக்குப் போக வழி பிறந்தது. அதுவன்றோ எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் வழி!

வரியைக் குறை என்று நான் கேட்கவில்லை. எடுத்த வரிக்குப் பேருந்து விடு. இரவு பத்து மணிக்கும் விடு! அதுவரை, வாஞ்சூர் வரிசையில் நிற்பவரிடம் அந்தச் சிறுவனின் கணக்கை நீட்டுங்கள்.