காரைத் துடைக்கும் துவாய்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, இலங்கையில் 2025 பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கியது. அக்காலத்தில் பழைய கார்களே பொக்கிஷமாயின. அவற்றைப் பலர் கிழிந்த சாரத்தால் துடைப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. மெழுகு பூச ஆயிரக்கணக்கில் செலவிடுவோர் துவாயில் மாத்திரம் சிக்கனம் பார்ப்பது என்ன நியாயமோ!

வெயிலில் தெரியும் சுழிக் கீறல்களுக்குக் காரணம் பெரும்பாலும் துணியன்று; அதில் சிக்கிய மணல். மைக்ரோஃபைபர் துவாயின் நுண்ணிழைகள் அம்மணலைத் தம்முள் இழுத்துக்கொள்கின்றன. சதுர மீற்றருக்கு 300 கிராமுக்குக் குறையாத, தடித்த துவாயையே வாங்குங்கள். ஓரத்தில் தைத்துள்ள லேபலை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும். சில்லுத் துடைத்த துவாயும், நிலத்தில் விழுந்த துவாயும் கழுவாமல் கதவுப் பக்கம் போகலாகாது. துணியை மென்மையாக்கவென விற்கும் திரவத்தையும் தவிர்த்துவிடுங்கள். அது நுண்ணிழைகளை அடைத்துவிடும்.