வங்கிக் கடன் ஏறுதுன்னா தொழில் வளருதுன்னு அர்த்தமா?

‘வங்கிக் கடன் வளர்ச்சி அதிகரிப்பு’ என்று செய்தி வந்தாலே, தொழில் சூடுபிடிக்கிறது, வேலைவாய்ப்பு பெருகும் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், கடன் வாங்கியது தொழிற்சாலையா, கிரெடிட் கார்டு வைத்திருப்பவரா என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது.

எம்3 என்றால் என்ன?

நாட்டில் மொத்தம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் முக்கிய அளவுகோல் ‘எம்3’. மக்கள் கையில் இருக்கும் ரொக்கம், சேமிப்பு மற்றும் நடப்புக் கணக்குப் பணம், ஃபிக்சட் டெபாசிட் ஆகியவைதான் இதில் பெரும்பகுதி. ரொக்கத்தைவிட டெபாசிட்தான் பல மடங்கு அதிகம்.

கடனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு வங்கி 1 கோடி ரூபாய் கடன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டுக்கட்டாக யாரும் தருவதில்லை. கணக்கில் வரவு வைப்பார்கள். கம்பெனி அதை மெஷின் விற்றவருக்கு அனுப்பினால், அவர் கணக்கில் அது டெபாசிட் ஆகிவிடும். ஆக, கடன் கொடுக்கும்போது புதுப் பணம் உருவாகிறது. திருப்பிக் கட்டும்போது குறைகிறது. அதனால்தான் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

பணம் இருந்தும் கடன் ஏறாமல் போகுமா?

போகும். 2016 நவம்பர் 8-ல் அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பில், புழக்கத்தில் இருந்த ரூபாய் நோட்டுகளின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் செல்லாமல் போனது. அந்த நோட்டுகள் வங்கிக்குத் திரும்பி டெபாசிட் ஆயின. வங்கிகளில் பணம் குவிந்தது. ஆனாலும் 2016-17-ல் கடன் வளர்ச்சி சுமார் 5 சதவீதம்தான். பெரிய நிறுவனங்களின் வாராக்கடனால் வங்கிகள் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தன. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியது.

கடன் எண் ஏறினால் நல்லதுதானே?

அவசரப்படக் கூடாது. 2023 ஜூலை 1-ல் எச்டிஎஃப்சி நிறுவனம், எச்டிஎஃப்சி வங்கியுடன் இணைந்தது. அதன் வீட்டுக் கடன்கள் வங்கிக் கணக்குக்கு மாறியதால், கடன் வளர்ச்சி எண் ஒரேயடியாக எகிறியது. அத்தனையும் புதுக் கடன் இல்லை. பழைய கடன் இடம் மாறியதும் அதில் இருந்தது. அதனால்தான் இணைப்பைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்குகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது.

அப்போ எதைப் பார்க்கணும்?

யார் கடன் வாங்குகிறார்கள் என்பதை. ரிசர்வ் வங்கி மாதந்தோறும் துறைவாரியாக இதை வெளியிடுகிறது. 2014 மார்ச்சில், உணவுக் கொள்முதல் கடன் நீங்கலான வங்கிக் கடனில் 40 சதவீதத்துக்கும் மேல் தொழில் துறையிடம் இருந்தது. 2024 மார்ச்சில் அது கால் பங்குக்கும் கீழே இறங்கியது. வீடு, கார், கிரெடிட் கார்டு போன்ற தனிநபர் கடன்களோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிட்டன.

இதை வைத்து ‘தொழில் படுத்துவிட்டது’ என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய நிறுவனங்கள் கடன் பத்திரம், பங்குச் சந்தை வழியாகவும் பணம் திரட்டுகின்றன. சொந்த லாபத்தையும் முதலீடு செய்கின்றன. ஆனால் சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த வசதி குறைவு. அவர்களுக்கு வங்கிதான் பிரதான வழி.

தனிநபர் கடனும் தப்பில்லை. வீட்டுக் கடன் வாங்கினால் சிமென்ட் விற்கும், கொத்தனாருக்கு வேலை கிடைக்கும். ஆனால் அடமானம் இல்லாத கடன் வேகமாக ஏறினால், வேலை போகும்போது இ.எம்.ஐ. நிற்கும். இந்த வகைக் கடன் எகிறியதால்தான், 2023 நவம்பரில் இதற்கான ‘ரிஸ்க் வெயிட்’டை ரிசர்வ் வங்கி 100-லிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. அதாவது, இப்படிக் கடன் தர வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும்.

அடுத்த முறை ‘கடன் வளர்ச்சி’ செய்தி வந்தால், சதவீதத்தோடு நிற்காமல் துறைவாரிப் பட்டியலையும் பார்ப்பது நல்லது. சிறு நிறுவனங்களின் கடன் ஏறுகிறதா, கிரெடிட் கார்டு பாக்கி ஏறுகிறதா என்பது அங்கேதான் தெரியும்.