கல்லூரி ஃபுட்பால்: கணக்கில் வராத செலவு

1/ அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலோட நிதி எதிர்காலம் என்னன்னு அங்க பெரிய சண்டை நடக்குது. (நம்ம கால்பந்து இல்லைங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஆளோட ஆள் மோதுற ஆட்டம்.) டிவி பணம் யாருக்கு, ஆட்டக்காரருக்கு எவ்வளவு, எந்தக் கல்லூரி எந்த லீக்ல, எல்லாம் பேசுறாங்க. அடிபட்ட உடம்புக்கு வாழ்நாள் செலவு யாரோடதுங்கிற கேள்வி மட்டும் ஓரமா கிடக்குது. டாக்டரா நான் சொல்றது இதுதான்: அந்தச் செலவைச் சேர்க்காத எந்த நிதித் திட்டமும் பொய்க்கணக்கு.

2/ பணம் இல்லாம இல்ல. பிளேஆஃப் போட்டிகளுக்கு மட்டும் இ.எஸ்.பி.என். 2026-லேருந்து வருஷத்துக்கு சுமார் 130 கோடி டாலர் தருது. பிக் டென் லீக் 2022-ல போட்ட டிவி ஒப்பந்தம் 7 வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல. இந்தப் பணத்தைத் துரத்தித்தான் நூறு வருஷம் பழமையான பேக்-12 லீக் 2023-ல உடைஞ்சது. 12 கல்லூரிகள்ல 10 வெளியேறிடுச்சு.

3/ அதே 2023-ல டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பிச்சு. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கு மேல. வேலை பார்க்காம இருக்க!

4/ ஆட்டக்காரர்? அவரை அழைக்கிற பேர் "மாணவ-விளையாட்டு வீரர்". கேக்க நல்லாத்தான் இருக்கு. 1950-கள்ல இந்தப் பேரைப் பரப்பினது, கல்லூரி விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ.வின் அன்றைய தலைவர் வால்டர் பையர்ஸ். ஆட்டத்துல அடிபட்டவங்க, செத்தவங்க குடும்பம் தொழிலாளர் இழப்பீடு கேட்டுடக் கூடாதுன்னுதான் அந்தப் பேரே பிறந்துச்சு. பின்னாடி தன் புத்தகத்துல அவரே இதை ஒத்துக்கிட்டார்.

5/ அந்தப் பேர் வேலையும் செஞ்சுது. டி.சி.யு. கல்லூரி வீரர் கென்ட் வால்ட்ரெப் 1974-ல அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்துல முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமப் போனார். இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். "நீங்க கல்லூரி ஊழியர் இல்ல"ன்னு 2000-ல டெக்சஸ் நீதிமன்றம் சொல்லிடுச்சு.

6/ "இப்பதான் சம்பளம் வந்துடுச்சே டாக்டர்?" வந்துச்சு. 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்கு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்துச்சு. முதல் வருஷம் ஒரு கல்லூரி 2.05 கோடி டாலர் வரைக்கும் வீரர்களோட பகிரலாம். 2016-க்குப் பிறகு ஆடினவங்களுக்கு நிலுவையா சுமார் 280 கோடி டாலர். நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனா இது புகழுக்கும் டிவி முகத்துக்கும் தர்ற காசு. பெரிய தொகை போறது குவார்ட்டர்பேக்குக்கு. ஒவ்வொரு பந்துக்கும் முன்வரிசையில தலையைக் கொடுத்து முட்டுற லைன்மேனுக்கு மிச்சம் மீதிதான்.

7/ இப்ப என் துறைக்கு வரேன். மயக்கம் வர்ற அளவு அடி மட்டும் ஆபத்து இல்ல. அறிகுறியே காட்டாத சின்னச் சின்ன மோதல் வருஷக்கணக்கா சேர்ந்தா மூளை சிதையும். அந்த நோய்க்குப் பேர் சி.டி.இ. மறதி, கோபம், மனச்சோர்வு, கடைசியில டிமென்ஷியா. செத்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தாதான் உறுதியாச் சொல்ல முடியும்.

8/ 2017-ல ஜாமா மருத்துவ இதழ்ல வந்த பாஸ்டன் ஆய்வு: கல்லூரி மட்டம் வரை ஆடின 53 பேரோட மூளைகள்ல 48-ல சி.டி.இ. இதை "90 சதவீதம் பேருக்கு வரும்"னு படிக்காதீங்க. சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் பண்ணினாங்க. ஆனா தொழில்முறை ஆட்டத்துக்கே போகாதவங்க மூளை இவை. அது போதும் கவலைப்பட.

9/ இந்த நோய் தலைகாட்ட 10, 20 வருஷம் ஆகலாம். என்.சி.ஏ.ஏ. 2024-ல கொண்டுவந்த காப்பீடு எத்தனை வருஷத்துக்கு? ஆட்டத்தை விட்ட பிறகு 2 வருஷம். ஒரு காயத்துக்கு 90,000 டாலர் வரை. கிழிஞ்ச முழங்கால் ஜவ்வுக்கு சரி. 45 வயசுல பிள்ளைங்க பேரை மறக்குறவருக்கு?

10/ மூளையதிர்ச்சி வழக்குலயும் என்.சி.ஏ.ஏ. 7 கோடி டாலர் ஒதுக்குச்சு. எதுக்கு? பரிசோதனைக்கு. சிகிச்சைக்கு இல்ல. அதாவது "உங்களுக்கு நோய் இருக்கு"ன்னு சொல்ல மட்டும் காசு. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். தன் பழைய வீரர்களுக்கு 100 கோடி டாலருக்கு மேல கொடுத்திருக்கு. மோதல் ஒன்னுதான். அங்க அவங்க ஊழியர்கள், சங்கம் இருக்கு. இங்க ரெண்டும் இல்ல.

11/ வருமானத்துக்காகப் போட்டிகளும் கூடுது. பிளேஆஃப் 12 அணிகளா ஆன முதல் சீசன்ல, இறுதிப் போட்டிக்கு வந்த ஒஹாயோ ஸ்டேட்டும் நோட்ர டாமும் ஆளுக்கு 16 ஆட்டம் ஆடினாங்க. டிவிக்கு அது கூடுதல் விளம்பரம். மூளைக்குக் கூடுதல் அடி.

12/ மேரிலாண்ட் பல்கலைக்கழகம், 2018. ஜோர்டன் மெக்நேர், 19 வயசு, பயிற்சியில வெப்ப மயக்கம் வந்து இறந்துபோனார். உடனே ஐஸ் தண்ணியில அமுக்கியிருக்கணும், செய்யல. பல்கலைக்கழகமே பொறுப்பை ஏத்துக்கிச்சு. நீக்கப்பட்ட கோச்சுக்கான தொகை சுமார் 55 லட்சம் டாலர்னு அப்ப செய்தி வந்துச்சு. பையனோட குடும்பத்துக்கு 2021-ல கிடைச்சது 35 லட்சம்.

13/ "பெரும்பாலான கல்லூரிங்க விளையாட்டுத் துறை நஷ்டத்துலதானே ஓடுது?" உண்மை. சில அரசுப் பல்கலைக்கழகங்கள் மாணவர் கட்டணத்துலயே விளையாட்டுக்குன்னு வசூல் பண்ணுது. அங்க படிக்கப் போற நம்ம பிள்ளைங்களும் கட்டுறாங்க. அப்ப கோச் சம்பளத்தைக் குறைங்க. வைத்தியச் செலவை ஏன் குறைக்கிறீங்க?

14/ "விரும்பித்தானே ஆடுறாங்க?" சுரங்கத்துக்கும் விரும்பித்தான் போறாங்க. அதுக்காக இழப்பீட்டுச் சட்டம் வேணாம்னு சொல்வோமா?

15/ எனக்குத் தெரிஞ்ச தீர்வு மூணு. டிவி பணம் கைக்கு வந்ததும் முதல் பங்கு வாழ்நாள் மருத்துவ நிதிக்கு. சம்பளமெல்லாம் அதுக்கு அப்புறம். 2016-க்கு முன்னாடி ஆடினவங்களும் அதுல சேரணும். ஆட்டக்காரரைச் சட்டப்படி ஊழியர்னு ஒத்துக்கணும். இதைக் கொடுக்க முடியாத அளவுக்குத்தான் வருமானம்னா, அந்த ஆட்டம் லாபத்துல ஓடல. பசங்க தலையை அடமானம் வெச்சு ஓடுது. (முற்றும்)