பட்டை போட்டால் பல்லக்கு ஆகுமா?

வாடகை வீடு மாற்றியவர்கள் அத்தனை பேருக்கும் இந்த மர்மம் தெரியும். பீரோ, கட்டில், கிரைண்டர், மாமியார் வீட்டுக் குத்துவிளக்கு சகிதம் பிக்கப் வண்டி கிளம்பும்போது டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனால் ராஜபவனி. சாமானை இறக்கிவிட்டு, மறந்துபோன துளசி மாடத்தை எடுக்க அதே வண்டியில் காலியாகத் திரும்பிப் போய்ப் பாருங்கள். ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் தலை கூரையைத் தொடும். காலையில் சாப்பிட்ட பொங்கல் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். அதே ரோடு, அதே வண்டி, அதே டிரைவர்.

டிரைவரைத் திட்டாதீர்கள். நீங்கள் ஒருநாள் பட்டது அவருக்குத் தினப்படி. அதுவும் டி.ஏ. இல்லாத தினப்படி.

இந்த மர்மம் புரியாமல் 'சஸ்பென்ஷன் அப்கிரேடு' என்று பட்டறைப் பக்கம் போனால் பர்ஸுக்கும் ஆபத்து, முதுகுக்கும் ஆபத்து. அதனால் கொஞ்சம் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்போம், வாருங்கள்.

பிக்கப்பின் பின் அச்சில் இருப்பது பட்டைகள். வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் யு போல்ட் போட்டு அச்சோடு இறுக்கியிருப்பார்கள். (விபூதிப் பட்டை, சாராயப் பட்டை இரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடைந்த பிறகு கொல்லுப்பட்டறைக்குப் போய் அரிவாளாக மறுபிறவி எடுக்கிறதே, அந்தப் பட்டை.) குதிரை வண்டிக் காலத்துச் சரக்கு. 1804-லேயே இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் கோச்சு வண்டிக்கு வில் பட்டை வைத்துப் பேடண்ட் வாங்கிவிட்டார். இருநூறு வருஷம் தாண்டியும் லோடு வண்டிக்காரர்கள் அதை விடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பட்டை எடையையும் தாங்கும், அச்சு இடம் பெயராமலும் பிடித்துக்கொள்ளும், உடைந்தால் ஹைவேஸ் ஓரத்துப் பட்டறையிலேயே மாற்றிக்கொண்டு கிளம்பலாம். மூன்று வேலை, ஒரே சம்பளம்!

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்படாதீர்கள், ப்ளஸ் டூ பாஸ் மார்க் போதும்.

ஒரு ஸ்பிரிங் மேல் எடை உட்கார்ந்ததும் அது எவ்வளவு இறங்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது ஆடும் வேகம். 25 சென்டிமீட்டர் இறங்கினால் நொடிக்கு ஒரு ஆட்டம். ஆறு சென்டிமீட்டர் மட்டும் இறங்கினால் நொடிக்கு இரண்டு. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ஒரு ஜான் நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். சுமார் ஒரு நொடியில் போய்த் திரும்பும். நல்ல கார் ஒன்றின் தாலாட்டு ஏறக்குறைய அந்தத் தாளம்தான். இப்போது நூலை நாலு விரற்கடைக்குச் சுருக்கி ஆட்டிப் பாருங்கள். படபடக்கிறதல்லவா? அது காலி பிக்கப்!

காரில் நாலு பேர் ஏறினாலும் மொத்த எடை கால் பங்கு கூடும், அவ்வளவுதான். பிக்கப்பில் அப்படி இல்லை. காலியாக இருக்கும்போது பின் பட்டைகள் மேல் இருக்கும் எடை ஒரு பங்கு என்றால், ஃபுல் லோடில் மூன்று, நாலு பங்கு. அந்த நாலு பங்குக்கும் உடையாமல் நிற்கிற மாதிரி பட்டை வைத்தால், ஒரு பங்கு ஏறும்போது அது அசைந்தே கொடுக்காது. ஒரே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் திருப்திப்படுத்துவது, ஒரே குழம்பில் அம்மாவையும் மனைவியையும் திருப்திப்படுத்துவது போல. கம்பெனிக்காரன் யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்தாக வேண்டும். அவன் லோடு பக்கம் சாய்கிறான்.

இதில் பட்டைக்கென்று தனி வில்லங்கம் ஒன்று உண்டு. அடுக்கியிருக்கும் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. துரு ஏறி, மண் புகுந்து உரசல் அதிகமானால் சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்குப் பட்டை நகரவே நகராது. ஒட்டிக்கொண்டு ஒரே இரும்புக் கட்டையாக நிற்கும். அப்புறம் வண்டி டயரில் இருக்கும் காற்றின் மேல்தான் குதிக்கிறது. அந்தக் குதிப்பு நொடிக்கு மூன்று, நாலு. மனித உடம்புக்கு மேலும் கீழுமாக வரும் அதிர்வில் ஆகவே ஆகாதது நொடிக்கு 4 முதல் 8 வரை என்பது மருத்துவரும் இன்ஜினீயரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட சமாசாரம். ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேச அளவுகோலே அந்த வட்டாரத்துக்குத்தான் அதிக மார்க் போடுகிறது. முப்பது வயது டிரைவர் கீழே இறங்கியதும் இடுப்பில் கை வைத்து நிற்பது ஸ்டைலுக்காக அல்ல.

இத்தனைக்கும் மேல் நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இன்னும் இரண்டு பட்டை போடுகிறார்கள்!

ஸ்பிரிங் பட்டறை ஒன்றில் காதில் விழுந்த உரையாடல் இது.

"அண்ணே, வண்டி பின்னாடி உட்காருது. ரெண்டு பட்டை சேர்த்துப் போடுங்க."

"எவ்வளவு ஏத்தறே தம்பி?"

"ஆர்.சி.யில போட்டிருக்கறதைவிடக் கொஞ்சம் கூட..."

"கொஞ்சம்னா?"

"ஒரு டன்னுண்ணே."

பெரியவர் பீடியைக் காலில் போட்டு அணைத்தார். "பட்டை நான் போடறேன். அச்சு, பேரிங், டயரு, பிரேக்கு இதெல்லாம் யார் போடுவா?"

இதற்கு மேல் ஒரு ஆட்டோமொபைல் புரொபசர் சொல்லிவிட முடியாது. பட்டை சேர்த்தால் வண்டியின் தோற்றம்தான் நிமிரும். தாங்கும் சக்தி ஏறாது. முன்பு பின்பக்கம் உட்கார்ந்து 'ஐயா, போதும்' என்று கெஞ்சிய வண்டி, இப்போது கெஞ்சாமலே அச்சை உடைத்துக்கொள்ளும். ஏழு பட்டை இருக்கும் கட்டில் அதே கனத்தில் ஒன்று சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். சரி, பரவாயில்லை. ஆனால் சிலர் கனமான பட்டையாக மாற்றுகிறார்கள். எட்டு மில்லிமீட்டர் பட்டைகளை எடுத்துவிட்டுப் பத்து மில்லிமீட்டரில் போட்டால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு! இரண்டு மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கக் கூடாது. கனத்தை மூன்று தடவை பெருக்குகிற கணக்கு அது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் சீரியஸானது. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கம்பி வைத்த சின்ன வால்வு ஒன்று இருக்கும். லோடு ஏறி பாடி இறங்கினால், 'ஓகோ, வண்டி கனமாகிவிட்டது' என்று தெரிந்துகொண்டு பின் சக்கரங்களுக்குப் பிரேக்கை அதிகமாகக் கொடுக்கும். நீங்கள் பட்டை போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, இந்த வால்வைத் திருத்தி வைக்காமல் விட்டால்? ஒன்றரை டன் மூட்டை ஏறின பிறகும் அது வண்டி காலி என்றே நம்பிக்கொண்டிருக்கும். கொல்லிமலை இறக்கத்தில் இந்த மூடநம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்று விவரிக்க விரும்பவில்லை.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. வாடகையில் மிச்சம் பிடித்த காசு செக்போஸ்ட்டில் போய்விடும்.

அடுத்த கட்சி நம்ம ஐ.டி. இளைஞர்கள். 2016-ல் இசுஸூ வி-கிராஸ் வந்தது; 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ். முகத்தைப் பார்த்தால் சிங்கம், முன்பக்கம் காயில் ஸ்பிரிங், உள்ளே ஏ.சி., டச் ஸ்கிரீன் எல்லாம் உண்டு. பின்னால் போய்க் குனிந்தால் அதே எலியட் தாத்தாவின் பட்டை! ஈ.எம்.ஐ. கட்டுகிற இளைஞர் அதில் ஏற்றுவது ஒரு கிரிக்கெட் கிட், ஒரு தண்ணீர் கேன், வருஷத்துக்கு ஒருதரம் கொடைக்கானலுக்கு ஒரு கூடாரம். பின் சீட்டில் மனைவி, 'இதுக்கு டவுன் பஸ்ஸே தேவலை' என்கிறாள். உடனே அவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் சஸ்பென்ஷன் கிட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறார்.

கிட் நல்லதுதான். 'ஓல்ட் மேன் ஈமு' மாதிரி பேர் பெற்ற சரக்குகளைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் பட்டையை எடைவாரியாக விற்கிறார்கள்: காலியாக ஓட்டுகிறவருக்கு ஒன்று, எப்போதும் முந்நூறு கிலோ சுமக்கிறவருக்கு வேறொன்று என்று. நம்ம ஆள் கடையில் என்ன கேட்கிறார்? 'ஹெவி ட்யூட்டி கொடுங்க!' ஹெவி என்றால் உசத்தி என்று நினைப்பு. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள், பழைய பட்டையே பஞ்சு மெத்தை என்று தெரிந்துவிடும்.

ஆகவே கடைக்காரர் கேட்காவிட்டாலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வாரத்தில் பெரும்பாலான நாள் இந்த வண்டியில் என்ன ஏறுகிறது? பொரி மூட்டை ஏற்றுகிறவருக்கும் சிமென்ட் ஏற்றுகிறவருக்கும் ஒரே பட்டை எப்படிச் சரியாகும்? சிமென்ட்காரருக்கு நியாயமான வழி, ஹெல்ப்பர் பட்டை. லோடு ஏறி வண்டி இறங்கின பிறகுதான் அது வேலைக்கு வரும். காலியாக இருக்கும்போது தனியே ஒதுங்கி நிற்கும். (ஆபீஸில் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் லோடு ஏறினாலும் வருவதில்லை.) பொரிக்காரருக்கும் கிரிக்கெட் கிட்காரருக்கும் பாரபோலிக் பட்டை உகந்தது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த பட்டைகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். நடுவிலும் நுனியிலும் தவிர ஒன்றையொன்று தொடாது. உரசல் போச்சு, சின்னக் குழியில் கடகடப்பும் போச்சு.

ஷாக் அப்சார்பர் பற்றி ஒரு பெரிய தப்பபிப்பிராயம் இருக்கிறது. அது எடையைத் தாங்குவதே இல்லை. ஆடுகிற ஸ்பிரிங்கை 'போதும், உட்காரு' என்று அடக்குகிற வாத்தியார்தான் அது. ஆட்டத்தை எண்ணெயில் சூடாக மாற்றிக் கரைத்துவிடும். வாத்தியார் ரிட்டையர் ஆகிவிட்டால் ஒரு குழிக்கு வண்டி மூன்று முறை ஆடும், டயர் அங்கங்கே சொட்டை விழுந்து தேயும், ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்திருக்கும். 'சஸ்பென்ஷன் சரியில்லை' என்று வருகிற வண்டிகளில் ஷாக்கை மட்டும் மாற்றினாலே தீர்கிற கேஸ்கள் ஏராளம். அதை மாற்றாமல் பட்டையைத் தொடுவது, பல்வலிக்குக் கண்ணாடி போடுவது மாதிரி.

அதற்கும் முன்னால் ஒன்று: காற்று. ஃபுல் லோடுக்கான காற்றை டயரில் அடைத்துக்கொண்டு காலியாகப் போகிற வண்டிகள்தான் நம்மூரில் அதிகம். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். லோடுக்கு இவ்வளவு, காலிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் அதன்படி வைத்துப் பாருங்கள். உலகத்திலேயே மலிவான சஸ்பென்ஷன் அப்கிரேடு அதுதான்!

இவ்வளவும் பார்த்துவிட்டு, பட்டை மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தால் பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய யு போல்ட்டை மறுபடி மாட்ட விடாதீர்கள். ஒருதரம் இழுபட்ட போல்ட் அது. பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் பிறக்கும்போதே முறுக்கிக்கொண்டு பிறக்கும். சீக்கிரம் கிழியும், கிழிகிறவரை உங்களையும் உலுக்கும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் யு போல்ட்டை இன்னொரு தரம் டைட் பண்ணச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேணாம் சார், நம்ம வேலை அப்படி" என்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மறுபடியும் சொல்லுங்கள்.